இழந்த ரொட்டி

ஒரு மொழியிலுள்ள பெயர் மற்றொரு மொழிக்குப் போகும்போது, அதனுள் இருந்த செய்தி சில வேளைகளில் வழியிலேயே உதிர்ந்து போவதுண்டு. 'பிரெஞ்சு டோஸ்ட்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் சிற்றுண்டியின் பெயர் அதற்கு ஒரு நல்ல சான்று. பிரெஞ்சு மக்கள் அதனை அப்பெயரால் அழைப்பதில்லை. அவர்கள் மொழியில் அது 'பேன் பெர்டூ'. அதாவது 'இழந்த ரொட்டி'. காய்ந்து இறுகி, இனி எதற்கும் உதவாது என்று கைவிடப்பட்ட ரொட்டியானது பாலிலும் முட்டையிலும் தோய்ந்து, நெய்யில் பொரிந்து, மீண்டும் உணவாகிறது. இந்த வரலாறு முழுவதையும் இரண்டே சொற்களில் அப்பெயர் சொல்லிவிடுகிறது. ஆங்கிலப் பெயரிலோ நாடு மட்டும் நின்றது, செய்தி மறைந்தது.

பிற நாட்டார் வைத்த பெயர்களையும் நோக்குவோம். ஜெர்மானியர் இதனை 'வறிய வீரர்கள்' என்பர். ஆங்கிலேயரிடையிலும் 'விண்ட்சரின் வறிய வீரர்கள்' என்றொரு பழம் பெயர் உண்டு. ஸ்பெயின் நாட்டில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் இது வீடுதோறும் செய்யப்படுகிறது. நம் நாட்டிலோ முகலாய விருந்தில் 'ஷாஹி துக்டா' என்றும், ஐதராபாத்தில் 'டபுள் கா மீட்டா' என்றும் பெயர் கொண்ட இனிப்புகள், பொரித்த ரொட்டியைப் பாலிலும் பாகிலும் ஊறவைக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டுச் சிற்றுண்டிச் சாலைகளில் 'பாம்பே டோஸ்ட்' என்று கேட்டால் கிடைப்பதும் இதுதான். வறியவர் அடுப்பிலும் அரசர் பந்தியிலும் ஒருங்கே இடம் பெற்ற பண்டங்கள் உலகில் மிகுதியாக இல்லை.

நேயர்களே, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நாம் பழைய சோற்றின் அருமையை அறிந்தவர்கள். நேற்றைய சோற்றில் நீரூற்றிக் காலையில் உண்பதை இழிவாகக் கருதியவர்கள் அல்லர். மிஞ்சிய இட்டிலியை உதிர்த்து உப்புமா ஆக்குவோம். புளித்த மாவை ஊத்தப்பமாக வார்ப்போம். ஆனால், ரொட்டி என்று வந்துவிட்டால் நம் கை தாராளமாகிவிடுகிறது. அது காய்ச்சல்காரர் உணவு என்ற பழைய எண்ணம் இன்னும் நம்மை விட்டு முற்றாக அகலவில்லை. இரண்டு நாள் ஆனதும், தயக்கமின்றிக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறோம். தை மாதத்துத் தில்லிக் குளிரில் மாவு பொங்க மறுக்கும் காலைகளில் வீட்டைக் காப்பாற்றுவது அந்த ரொட்டிதான் என்பதை நினைத்தால், இது நன்றி மறந்த செயலாகவே தோன்றும்.

ரொட்டி ஏன் இறுகுகிறது? ஈரம் உலர்ந்து போவதால் என்றே பலரும் எண்ணுவர். அது பாதி உண்மையே. 1852ஆம் ஆண்டில் பூசிங்கோ என்னும் பிரெஞ்சு வேதியியலார், காற்றுப் புகாதபடி அடைத்து வைத்த ரொட்டியும், ஈரம் சிறிதும் குறையாமலே, இறுகிப் போவதைக் காட்டினார். சூடேற்றினால் அது மீண்டும் மென்மையுறுவதையும் அவர் கண்டார். அடுப்பில் வேகும்போது நெகிழ்ந்த மாவுச்சத்து, ஆறிய பின் நாள்தோறும் சிறிது சிறிதாக மறுபடி இறுகிக் கட்டிக்கொள்வதே இதற்குக் காரணம். இது குளிரில் விரைந்து நிகழும். ஆகவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்த ரொட்டி, அலமாரியில் வைத்ததைக் காட்டிலும் முன்னதாகவே இறுகும். உறைபெட்டியில் வைத்தால் இம்மாறுதல் ஏறக்குறைய நின்றுவிடும்.

நாம் செய்யப் புகும் பண்டத்திற்கு இந்த இறுக்கம் ஒரு குறையன்று. அதுவே முதல் தேவை. புதிய ரொட்டி பாலில் இட்டதும் குழைந்து கூழாகும். ஒரு நாளோ இரண்டு நாளோ ஆன ரொட்டி, பாலை உறிஞ்சியும் உருக்குலையாமல் நிற்கும். எனினும், பழையது வேறு, கெட்டது வேறு என்பதை மறத்தலாகாது. பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி பூஞ்சணம் கண்டாலும் அந்த ரொட்டி முழுவதையும் எறிந்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடத்தைக் கிள்ளிவிட்டு எஞ்சியதை உண்பது தவறு. பூஞ்சணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். இதனை முழுத் துண்டாகச் செய்யாமல் விரல் போன்ற குச்சிகளாகச் செய்வது, அமெரிக்க நாட்டில் பெரிதும் பரவியுள்ள வழக்கம். அங்கே கடைகளில் உறையவைத்த நிலையில் பெட்டிகளாகவே விற்கிறார்கள். வீட்டில் செய்வது எளிது, செலவும் குறைவு. குச்சியாக நறுக்குவதால் நான்கு பக்கமும் சிவந்து முறுகும். நடுவே மென்மை நிற்கும். கத்தியும் முள்கரண்டியும் வேண்டா. பள்ளிப் பேருந்துக்கு விரையும் குழந்தை, கையில் பிடித்தே உண்டுவிடலாம்.

வேண்டுவன: நறுக்காத முழு ரொட்டியாக வாங்கி, இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் அறுத்த துண்டுகள் ஆறு, முட்டை மூன்று, பால் 200 மில்லிலிட்டர், சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பொரிக்க நெய். கடையில் நறுக்கி விற்கும் மெல்லிய துண்டுகளே கிடைக்குமாயின், பாலைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

துண்டு ஒவ்வொன்றையும் மூன்று குச்சிகளாக அறுத்தால் பதினெட்டுக் குச்சிகள் ஆகும். ரொட்டி புதியதாக இருந்தால், அறுத்த குச்சிகளைத் தட்டில் பரப்பி இரவு முழுவதும் ஆறவிடலாம். அன்றிச் சூடான வெறுங்கல்லில் புரட்டி எடுத்து ஈரத்தைப் போக்கலாம். முட்டையை முதலில் தனியே நன்றாக அடித்து, வெள்ளைக்கரு திரிதிரியாக நில்லாதவாறு கலக்கிய பின்னரே பாலையும் மற்றவற்றையும் சேர்க்க வேண்டும். சர்க்கரையைக் கூட்டினால் உள்ளே வேகுமுன் வெளியே கருகும். இனிப்பு மேலும் வேண்டுவோர், உண்ணும்போது தேனோ வெல்லப் பாகோ தொட்டுக்கொள்வதே முறை.

அகன்ற தட்டில் கலவையை ஊற்றி, குச்சிகளைப் பக்கத்திற்குப் பத்து நொடி அளவில் புரட்டி எடுக்க வேண்டும். நடுவரை ஈரம் செல்ல வேண்டும். ஆனால், தூக்கும்போது வளைந்து தொங்கலாகாது. மிகுந்த ஈரத்தை வடியவிட்டு, மிதமான சூட்டிலுள்ள கல்லில் நெய் தடவி இடுக. வெண்ணெயைவிட நெய் சிறந்தது; வெண்ணெயிலுள்ள பாற்பொருள் விரைவில் கருகும், நெய்யில் அது நீக்கப்பட்டிருக்கும். பக்கத்திற்கு ஒரு நிமிடமோ சற்றுக் கூடுதலோ ஆகும். தீயை ஏற்றி அவசரப்பட்டால் மேலே நிறம் வரும். உள்ளே முட்டை பச்சையாகவே இருக்கும். ஒன்றைப் பிட்டுப் பார்த்து, நடுவில் நீர்த்தன்மை இல்லை என்று தெளிந்த பின் இறக்குக. இறக்கியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கம்பித் தட்டில் பரப்பி வைத்தால் முறுகல் கெடாது.

முட்டை உண்ணாத வீட்டார், இது நமக்கு ஆகாது என்று ஒதுங்க வேண்டுவதில்லை. உண்மையில், பழமை அவர்கள் பக்கமே இருக்கிறது. அப்பீசியஸ் என்பவர் பெயரால் வழங்கும் பண்டை உரோமானியச் சமையல் நூலில் இத்தகைய இனிப்பு ஒன்று கூறப்பட்டுள்ளது. ரொட்டியின் மேல்தோலை நீக்கிப் பிட்டு, பாலில் தோய்த்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றிப் பரிமாறுவது அதன் முறை. அதில் முட்டை இல்லவே இல்லை. நாம் இன்று செய்வதானால், 250 மில்லிலிட்டர் குளிர்ந்த பாலில் இரண்டு மேசைக்கரண்டி கஸ்டர்டு மாவைக் கட்டியின்றிக் கரைத்துச் சர்க்கரை சேர்த்தால் போதும். மாவு அடியில் தங்கும் இயல்புடையது. ஆதலால் ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டுத் தோய்க்க வேண்டும்.

காரம் விரும்புவோர் வட இந்திய வழக்கப்படி கடலை மாவை நாடலாம். பஜ்ஜி மாவினும் சற்றுத் தளர்வாகக் கரைத்து, உப்பு, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், ஓமம், பொடியாக அரிந்த பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் சேர்க்கலாம். இதில் ரொட்டியை ஊறவிடாமல், தோய்த்த உடனே கல்லில் இட வேண்டும். கொத்தமல்லித் துவையலோடு உண்ண, மாலைச் சிற்றுண்டிக்கு மிகவும் ஏற்றது.

செய்தவற்றை நன்கு ஆறவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாதபடி தட்டில் பரப்பி உறையவைத்து, பின்னர்ப் பையிலிட்டு உறைபெட்டியில் சேமிக்கலாம். வேண்டும்போது காய்ந்த கல்லில் மெல்லிய தீயில் உள்ளே சூடேறும் வரை புரட்டினால் முன்போலவே முறுகும். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் செலவிட்டால், வாரத்தின் சில காலைகள் இலகுவாகும். கணவன் மனைவி இருவரும் அலுவலகம் செல்லும் வீட்டில் இதன் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை.

பிழைப்பு நாடி வேற்றூர் வந்தவர்கள், புதிய ஊரின் உணவை ஏற்பது பெரிய செயலன்று. அதனைத் தம் வீட்டு நெறியோடு ஏற்பதே பெரிது. உணவை வீணாக்காமை நம் முன்னோர் சோற்றிடம் காட்டிய நெறி. அதே நெறியை ரொட்டியிடமும் காட்டுவோமாயின், நம் சமையலறையில் 'இழந்த ரொட்டி' என்று ஒன்று இராது.