எந்தத் துறையைப் படிப்பது?

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற மாணவர் பாராட்டு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைக் கேட்டுக் கொண்டனர். கல்வி சிறந்தது என்பதில் இந்த மண்டபத்தில் யாருக்கும் ஐயம் இருக்காது. ஆகவே அவர்களின் அனுமதியுடன் பொருளைச் சற்றுச் சுருக்கிக் கொள்கிறேன். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வந்தபின் நம் வீடுகளில் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. எந்தத் துறையைப் படிப்பது? பிள்ளை ஒன்றைச் சொல்லும்; தகப்பனார் வேறொன்றைச் சொல்வார்; தாய் இருவருக்கும் நடுவே சோறு பரிமாறிக் கொண்டிருப்பார். இக்கேள்வியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெற்றோர் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வேண்டும். இக்காலத்து மேடைகளில் அது அதிகம் பேசப்படுவதில்லை. நான் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகள் வரிசை வரிசையாக இருந்தன. இன்று அவை இல்லை. ஒரு வரிசையில் ஒரு பிள்ளை மருத்துவப் படிப்புக்குத் தேர்வானால் அந்த வரிசை முழுவதும் தலைநிமிர்ந்து நடக்கும். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் பேரனும், இரயில் பாதையில் கல் அள்ளிப் போட்டவரின் மகனும் டாக்டர், லாயர், இஞ்சினியர் என்னும் மூன்று சொற்களை மந்திரம் போல் சொல்லிக் கொண்டதற்குக் காரணம் இருந்தது. தோட்டம் விற்கப்பட்டால் வீடும் போய்விடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். கையில் ஒரு தொழிற்கல்வி இருந்தால் சொந்தக் கிளினிக் திறக்கலாம், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் பேராசை ஏதும் இல்லை. பட்ட அடியிலிருந்து பிறந்த கணக்கு அது.

இனிப் பிள்ளையின் பக்கத்துக்கு வருவோம். இதற்கு நம் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வரலாற்றையே எடுத்துக்காட்டாகக் கூற விழைகிறேன்.

1983-ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910-இல் லாகூரில் பிறந்தவர். தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் அரசாங்கக் கணக்குத் துறையில் உயர் அதிகாரி. சர் சி. வி. இராமன் இவருடைய தம்பி. சந்திரசேகர் தமது 15-ஆம் வயதில் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டாண்டுகள் கழித்து ஆனர்ஸ் வகுப்புக்குத் துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டம் வந்தது. அவருடைய மனம் கணிதத்தில் இருந்தது. கணித மேதை இராமானுஜன் 1920-இல் மறைந்து ஏழாண்டுகளே ஆகியிருந்த காலம். அந்தப் பெயரின் ஒளி தமிழ் மாணவர்கள் பலரை ஈர்த்திருந்தது. தந்தையாரோ மகன் பௌதிகம் படிக்க வேண்டும், பின்னர் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி ஆட்சிப் பணியில் அமர வேண்டும் என்று விரும்பினார். அக்காலத்தில் இந்தியர் ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த உத்தியோகம் அது.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் சண்டை தொடங்கும். அந்த வீட்டில் நடந்தது வேறு. சந்திரசேகர் தந்தையின் சொல்லை ஏற்றுப் பௌதிக ஆனர்ஸ் வகுப்பில் பெயரைப் பதிந்து கொண்டார். ஆனால் கணிதத்தை விட்டுவிடவில்லை. கணிதத் துறையின் விரிவுரைகளுக்கும் போய் அமர்ந்து கேட்டார். தாயார் சீதாலட்சுமி அம்மையார் மகனின் விருப்பத்துக்குத் துணை நின்றார். அந்த அம்மையார் இப்சன் என்னும் நார்வே நாட்டு ஆசிரியரின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் என்பதை இங்குள்ள தாய்மார்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.

1928-இல் ஜெர்மானிய அறிஞர் சொமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். கல்லூரி மாணவராக இருந்த சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். தாம் பாடநூலில் கற்ற பௌதிகம் அதற்குள் பழையதாகிவிட்டது என்பதை அவரிடமிருந்து தெரிந்து கொண்டார். சோர்ந்து போகாமல் புதிய பௌதிகத்தைத் தாமே கற்றுக் கட்டுரை எழுதினார். பட்டம் பெறுவதற்கு முன்பே, 1929-இல், அது இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று. அதன்பின் ஐ.சி.எஸ். பேச்சு தானாகவே அடங்கிற்று. தந்தையாரின் மனத்தை மாற்றியது மகனின் வாதத்திறமை அல்ல, மகன் செய்து காட்டிய வேலை என்றே நான் கருதுகிறேன். மாணவர்கள் இதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

1930-இல் அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார். அப்போது தாயார் கடும் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினார். போகத்தான் வேண்டும் என்று வற்புறுத்தி அனுப்பியவர் அந்தத் தாயே. மறு ஆண்டு மே மாதத்தில் அவர் காலமானார். மகன் கடல் கடந்து இருந்தார். பம்பாயிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பல் பயணத்தில்தான், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன் ஒன்று ஒரு குறிப்பிட்ட எடை வரையில்தான் நிலைத்திருக்க முடியும் என்னும் கணக்கை அந்த 19 வயது இளைஞர் போட்டார். இன்று உலகம் அதனைச் சந்திரசேகர் எல்லை என்று அழைக்கிறது. அந்தக் கணக்குக்குத் தந்தையார் படிக்கச் சொன்ன பௌதிகமும் வேண்டியிருந்தது. மகன் விடாப்பிடியாகக் கேட்ட கணிதமும் வேண்டியிருந்தது.

அந்தத் தந்தையாரைக் கொடுமைக்காரராக எண்ணிவிட வேண்டாம். அவரும் உள்ளத்தில் ஒரு விருப்பத்தைச் சுமந்தவரே. பகலில் அரசாங்கக் கணக்குகளைப் பார்த்தவர், வயலின் வாசிப்பவர், கர்நாடக இசையைப் பற்றி நூல் எழுதியவர். தம்பி இராமனோ 1907-இல் நிதித் துறைத் தேர்வில் தேறிப் பத்தாண்டுகள் கணக்கு அதிகாரியாகவே இருந்தார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். 1917-இல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் பதவியை ஏற்று உத்தியோகத்தை விட்டார். ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தம்பியும் ஒரே வகை உத்தியோகத்தில் சேர்ந்தனர். ஒருவர் விருப்பத்தை மாலை நேரத்துக்கு வைத்துக் கொண்டார், மற்றவர் தக்க நேரத்தில் அதன் பின்னே போய்விட்டார். அரசாங்க ஊழியனாகிய எனக்கு இவ்விருவரையும் பற்றிப் படிக்கும்போது ஒரு தனி நெருக்கம் உண்டாகிறது. இருவரில் யார் செய்தது சரி என்று என்னால் தீர்ப்புக் கூற இயலவில்லை.

விருப்பம் ஒன்றே போதும் என்போருக்கு இராமானுஜனின் வாழ்க்கையைச் சொல்லலாம். கணிதத்தைத் தவிர வேறொன்றையும் படிக்காததால் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார்; பின்னர் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேரும் வரை வறுமை அவரை விடவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் பணிபுரியும் அன்பர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். ஒரு துறைமுக எழுத்தரின் மேசையிலிருந்துதான் அந்த மேதை கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார் என்பது உங்களுக்கு மகிழ்ச்சியைத் தரலாம். ஆனால் அந்தப் பட்டினி ஆண்டுகளை நம் பிள்ளைகளுக்கு யாரும் பரிந்துரைக்க மாட்டோம்.

நம் நாட்டுக்கு வருவோம். காஜாங்கில் 1953-இல் பிறந்த திரு. ரம்லி இப்ராகிம் அவர்களின் ஒடிசி நடனத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அவர் ஆஸ்திரேலியாவில் இயந்திரப் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றவர். அதன்பின்னரே நடனத்தை முழுநேரமாகக் கொண்டார். 1983-இல் தாயகம் திரும்பிச் சூத்திரா நடனக் குழுவை நடத்தினார். இந்திய அரசு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. முதலில் ஒரு பட்டம், பிறகு உன் விருப்பம் என்று பெற்றோர் சொல்வதற்கு இவரைக் காட்டுவதுண்டு. எல்லாருக்கும் அது பொருந்துமா என்பது ஐயமே. நான்காண்டுப் பொறியியல் படிப்பை வேண்டாவெறுப்பாகப் படித்து முடிக்கும் உறுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதில்லை. பாதியில் நிறுத்தினால் பட்டமும் இல்லை, கல்விக் கடன் மட்டும் மிஞ்சும்.

பெற்றோர்களே, உங்கள் கணக்கிலும் சில எண்கள் மாறியுள்ளன. நம் நாட்டில் மருத்துவக் கல்லூரிகள் பெருகியதால், புதிய மருத்துவப் படிப்புகளைத் தொடங்குவதற்கு 2011-இல் அரசாங்கம் தற்காலிகத் தடை விதித்தது. 2016 டிசம்பர் முதல் பயிற்சி மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்படலாயினர். 2021 ஜூலை 26-ஆம் நாள், பெருந்தொற்றுக்கு நடுவிலேயே, ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவர்களில் எத்தனை பேருடைய வீடுகள் அடகில் இருந்தனவோ! மருத்துவம் உயர்ந்த தொழில்; ஆர்வமுள்ள பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் படித்து முடித்தவுடன் நிரந்தர வேலை, சொந்தக் கிளினிக் என்ற நம் அப்பாக்களின் காலத்துக் கணக்கை அப்படியே வைத்துக் கொண்டு, விருப்பமில்லாத பிள்ளையின் படிப்புக்காக வீட்டை அடகு வைப்பதை என்னால் ஆதரிக்க முடியாது.

என் வீட்டிலும் இவ்வாண்டு இதே பேச்சுத்தான். மகள் ஆறாம் படிவத்தில் இருக்கிறாள். மொழியியல் படிக்க வேண்டும் என்கிறாள். என் மனைவியும் நானும் கணக்கியல் என்கிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, அந்தத் தமிழால் இம்மேடையில் நிற்கும் நானே மொழிப் படிப்பு வேண்டாம் என்பதா என்று அவள் கேட்கிறாள். நல்ல கேள்விதான். அவளுடைய தாத்தா இருந்திருந்தால் அவள் பக்கம் பேசியிருப்பார். இன்னும் முடிவாகவில்லை. மொழியியல் படித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்று அவளையே விசாரித்து எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். கணக்கியலைப் பற்றி அதேபோல் விசாரித்து எழுதும் பொறுப்பை அவள் எனக்குக் கொடுத்திருக்கிறாள்!

நடைமுறையில் சிலவற்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். துறைத் தேர்வு பல்கலைக்கழக வாசலில் தொடங்குவதில்லை. நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. 2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்னும் பழைய பாகுபாடு நீக்கப்பட்டு, பாடத் தொகுப்பு முறை வந்துள்ளது. கூடுதல் கணிதத்தையோ உயிரியலையோ 15, 16 வயதில் கைவிட்டால் பின்னர் எந்தக் கதவுகள் அடைபடும் என்பதை அன்றே கேட்டறிய வேண்டும். யு.பி.யு. விண்ணப்பத்தில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. விருப்பங்களை எழுதும் வரிசை முக்கியம். அதைப் பிள்ளையும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து நிரப்புங்கள். பிள்ளை உறங்கிய பின் தந்தை வரிசையை மாற்றுவதும், தந்தைக்குத் தெரியாமல் பிள்ளை மாற்றுவதும் வேண்டாம்.

நம் ஆலய உறுப்பினர்களிடையே தாதியர், கணக்காய்வாளர், ஆசிரியர், கப்பல் முகவர், வழக்கறிஞர், நில அளவையாளர் எனப் பலர் இருக்கிறார்கள். சிறிது நேரத்தில் அன்னதானத்துக்கு அமரப் போகிறோம். மாணவர்கள் உங்கள் நண்பர்களுடனே சேர்ந்து அமராமல், இவர்களில் ஒருவருக்குப் பக்கத்து இலையில் அமர்ந்து, அவருடைய வேலைநாள் காலை முதல் மாலை வரை எப்படிக் கழிகிறது என்று கேளுங்கள். சம்பளத்தையும் கூச்சமின்றிக் கேளுங்கள். ஆலயத்தில் பொய் சொல்ல மாட்டார்கள்.