ஆற்றுக்கு இடம் விட்ட பூங்கா

ஆற்றங்கரையில் பூங்கா என்றதும் கரைக்குக் கல் கட்டி, நடைபாதை போட்டு, குறோட்டன் நட்டு, நாலு வாங்கில் வைத்துவிடுகிறோம். சிங்கப்பூரின் பிஷான்–அங் மோ கியோ பூங்கா இதற்கு நேர்மாறான வேலை. அதன் ஓரமாகக் காலாங் ஆறு 2.7 கிலோமீற்றர் நீளத்துக்குக் கொங்கிறீற்று வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. 2009இல் அதை உடைக்கத் தொடங்கினார்கள். 2012இல் ஆறு பூங்காவின் நடுவே வளைந்து நெளிந்து 3.2 கிலோமீற்றர் ஓடியது. உடைத்த கொங்கிறீற்றையும் வீசவில்லை. பூங்காவுக்குள்ளேயே ஒரு மேடாக்கினார்கள். பழைய வாய்க்காலின் சரித்திரம் அந்த மேட்டில் இருக்கிறது.

கரை கட்டிய விதம்தான் இதில் பெரிய கலை. சுள்ளிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கரையோரம் பதித்து, கல்லடுக்கி, இடையில் செடி நட்டார்கள். வேர் இறங்க இறங்கக் கரை இறுகுகிறது. எந்த முறை தாங்கும் என்பதை முதலில் 60 மீற்றர் துண்டில் சோதித்துப் பார்த்தார்கள். சாதாரண நாளில் பிள்ளைகள் கல்லில் கால் வைத்து ஆற்றைக் கடக்கலாம். கடும் மழையில் நீர் புற்றரையில் ஏறி, ஏறத்தாழ 100 மீற்றர் அகலத்துக்குப் பரவும். அதற்கு முன்பே சைரன் ஒலித்து ஆட்களை மேலே அனுப்பிவிடும். வெள்ளம் வரும் என்று தெரிந்தே வரைந்த பூங்கா அது.

கிளிநொச்சியின் வட்டக்கச்சி மக்களான நமக்கு இது தூரத்துக் கதையல்ல. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது வெள்ளம் எங்கெல்லாம் ஏறியது என்று நமக்குத் தெரியும். வேர் மண்ணைப் பிடிக்கும் என்பதற்குக் கனகராயன் ஆற்றங்கரை மருதுகளே சாட்சி. அந்த மரங்களும், 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடித்த இரணைமடுவும்தான் நமது மரபுச் சொத்து. மணல் அள்ளிக் கரையைக் குடைந்துவிட்டு, பிறகு சீமெந்தில் அழகு தேடுவது அந்தச் சொத்தை அழிப்பதாகும்.

கிளிநொச்சியில் நாளை ஓர் ஆற்றுப் பூங்கா வரைவதென்றால், முதற்கோட்டை வெள்ளம் ஏறிய எல்லையில் போடுங்கள். அதற்குள் மருதும் புல்லும் நடைவழியும் போதும். கட்டடம் எதுவானாலும் கோட்டுக்கு வெளியே நிற்கட்டும்.