கண்டு சொல்ல ஒருவர்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



காயத்துடன் வருபவரைப் பரிசோதிக்கும் வைத்தியர், கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். சமாதானத்துக்கும் அப்படி ஒருவர் தேவை.

2002இல் எருசலேம் திருச்சபைத் தலைவர்கள் கேட்டதற்கிணங்க, உலகத் திருச்சபைகள் மன்றம் பாலஸ்தீனத்துக்குத் தொண்டர்களை அனுப்பத் தொடங்கியது. அவர்கள் ஆயுதமின்றிச் சோதனைச்சாவடிகளில் நின்றார்கள். பிள்ளைகளோடு பாடசாலைக்கு நடந்தார்கள். நாடு திரும்பிக் கண்டதைச் சொன்னார்கள்.

அதே ஆண்டு பெப்ரவரியில் நம் நாட்டிலும் போர்நிறுத்தம் வந்தது. ஐந்து நோர்டிக் நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியும் திறந்தது. 2008 ஜனவரியில் கண்காணிப்பு முடிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, போக வேண்டாம் என்று சனங்கள் அலுவலக வாசலில் மன்றாடினார்கள். கண்காணிப்பாளர்களால் போரைத் தடுக்க முடியவில்லை, உண்மைதான். ஆனாலும் பார்ப்பாரற்றுப் போவதன் பயம் அந்தச் சனங்களுக்குத் தெரிந்திருந்தது.

இதே கண்டியில் 1972இல் சத்தியோதயத்தைத் தொடங்கிய இயேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸ், சிங்களக் கிராமத்தவரையும் தோட்டத் தமிழரையும் நெருங்க வைக்க உழைத்தார். நம் வகுப்பறைகளிலும் நான்கு சமயப் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்தோமே!

காஸாவில் அழும் தாய்க்காகவும் இஸ்ரேலில் அழும் தாய்க்காகவும் அவரவர் வழியில் வேண்டுவோம். அத்தோடு நில்லாமல், பார்வையாளர்களை அனுப்புங்கள் என்று வாழும் நாடுகளில் குரல் கொடுப்போம். பார்க்க ஒருவர் வேண்டுமென்று தவித்தவர்கள் நாம்.