எழுத்துக்கு முன்னே படம்: மழலையர் வகுப்பில் ஒரு புழுக்கதை

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. 6, 7, 8ஆம் வகுப்புகள் என் பொறுப்பு. மழலையர் வகுப்பைப் பற்றிப் பேச இவர் ஏன் வந்தார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. அன்றிலிருந்து மூன்றரை வயதுக் குழந்தைகளும் நம் பள்ளிப் பிள்ளைகள்தாம். இன்று எல்.கே.ஜி.யில் இருக்கும் குழந்தை சில ஆண்டுகளில் என் ஆறாம் வகுப்புக்கு வந்து உட்காரும். அது புத்தகத்தைக் கண்டு மலர்ந்து வருமா, மிரண்டு வருமா என்பது இந்தச் சின்ன வகுப்பிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. எனவே இது என் பிரச்சினையும்தான்.

பெற்றோர் கேட்கும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் எல்லோரிடமும் கேட்டிருப்பார்கள். "டீச்சர், பக்கத்து வீட்டுப் பையன் ஏபிசிடி எழுதுறான். எம்புள்ள வீட்டுக்கு வந்து புழு, புழுன்னே சொல்லிக்கிட்டிருக்கா. எப்ப எழுதச் சொல்லித் தருவீங்க?"

நியாயமான கேள்விதான். வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்கவைப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். நாம் சரியான பதில் வைத்திருக்க வேண்டும். "விளையாடினால் போதும்மா" என்று சொன்னால் அவர்கள் அடுத்த ஆண்டு மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்து நிற்பார்கள். விளையாட்டுக்குள் என்ன படிப்பு நடக்கிறது என்று நம்மால் எடுத்துச் சொல்ல முடிய வேண்டும்.

படத்தை வைத்துக் கற்பிப்பது நேற்று வந்த முறையல்ல. செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் 'ஓர்பிஸ் பிக்டஸ்' என்ற படப் பாடநூலை வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் எழுத்து வரிசை இருக்கிறது. எழுத்துகளின் பக்கத்தில் பெரும்பாலும் உயிரினங்களின் படங்களும் அவை எழுப்பும் ஒலிகளும் இருக்கும். காகம் கரைகிறது, ஆடு கத்துகிறது. அந்த ஒலியிலிருந்து எழுத்துக்குப் போகிறார். முதலில் படம், பிறகு ஒலி, அதன் பிறகே எழுத்து. 350 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்ட வரிசை இது.

நாங்கள் செய்த புத்தகம்

எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்பூச்சிக் கதை உலகம் முழுக்கப் பெயர்பெற்றது. அதன் பக்கங்களில் ஓட்டைகள் இருக்கும். குழந்தை தானாகவே விரலை விட்டுப் பார்க்கும். ஆனால் அந்தப் புழு தின்னும் ப்ளம் பழத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்த்ததில்லை. அதனால் எங்கள் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியையே புத்தகமாக்கினோம்.

செலவு அதிகமில்லை. பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம், ஸ்கெட்ச் பேனா, பசை, கோணி ஊசி, நூல். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். மொத்தம் எட்டுப் பக்கம். முன் அட்டையில் வெறும் இலைகள். அடுத்து, தளிரில் கடுகை விடச் சின்ன முட்டை. அதற்கடுத்து, பறவை எச்சம் போலத் தெரியும் குட்டிப் புழு. பிறகு பச்சைப் புழு. தொட்டால் தலைப்பக்கம் சிவப்புக் கொம்பை நீட்டும் புழு. குச்சியில் நூல் கட்டித் தொங்கும் கூட்டுப்புழு. கறுப்பும் மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சி. கடைசிப் பக்கத்தில் மறுபடியும் ஒரு முட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வரி: "நான் எங்கே? கண்டுபிடி!"

இது கற்பனையல்ல. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை இலைகளில் வளரும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைதான். இளம் புழு பறவையின் எச்சம் போலத் தெரிவதால் பறவைகள் விட்டுவிடுகின்றன. வளர்ந்த புழு இலையின் பச்சைக்குள் மறைந்துகொள்கிறது. மிரட்டினால் சிவந்த கொம்பு போன்ற உறுப்பை நீட்டி ஒரு வாடையை விடுகிறது. ஒளிந்து விளையாடுவதே அதன் பிழைப்பு. அதைவிடக் குழந்தைகளுக்கு ஏற்ற கதை எது?

எப்படி விளையாடினோம்

முதல் நாள் வாசிக்கவில்லை. அட்டையை மட்டும் காட்டி, "இதுல யாரு ஒளிஞ்சிருக்காங்க?" என்று கேட்டோம். ஓணான், எறும்பு, பாம்பு, பேய் என்று எல்லாம் வந்தன. எதையும் தவறு என்று சொல்லாமல், "அப்படியா, பார்ப்போமா?" என்று பக்கத்தைத் திருப்பினோம். ஊகிப்பதும், ஊகம் சரியா என்று பார்ப்பதும் பெரியவர்களின் வாசிப்பிலும் நடப்பவைதாம்.

இரண்டாம் நாள் சத்தமாக வாசித்தோம். விரல் எழுத்துக்கு அடியில் இடமிருந்து வலமாக ஓடியது. மூன்றாவது பக்கத்திலேயே பிள்ளைகள் "கண்டுபிடி!" என்று கூடச் சேர்ந்து கத்தினார்கள். வாய் சொல்லும் சொல்லும் விரல் தொடும் சொல்லும் ஒன்று என்பதை யாரும் பாடமாகச் சொல்லாமலே பிடித்துக்கொள்கிறார்கள்.

மூன்றாம் நாள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பது போல நடித்தேன். "டீச்சர், தப்பு! தப்பு!" என்று ஒரே கூச்சல். ஒரு குழந்தை எழுந்து வந்து திருப்பிக் கொடுத்தது. நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே, குழந்தைக்கு அச்சைப் பற்றி என்ன தெரியும் என்று பார்க்க 1970களில் தலைகீழ்ப் பக்கங்கள் கொண்ட சிறு புத்தகத்தையே பயன்படுத்தினார். அட்டை எது, எங்கே தொடங்குவது, வரி முடிந்தால் எங்கே போவது, படம் எது, எழுத்து எது: இவை தெரிந்தவரே வாசிக்கத் தயாரானவர். நமக்கு மிக எளிதாகத் தோன்றுவதால் இதையெல்லாம் கற்பிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

நான்காம் நாள் கைத்தட்டல். பு-ழு, இரண்டு தட்டு. முட்-டை, அதுவும் இரண்டு. பட்-டாம்-பூச்-சி, நான்கு. க-றி-வேப்-பி-லை, ஐந்து. எந்தச் சொல் நீளம் என்று போட்டி. "க வில் தொடங்கும் பெயர் உள்ளவர்கள் எழுந்திரிங்க" என்றால் கவிதாவும் கண்ணனும் துள்ளி எழுவார்கள். சொல்லை ஒலிகளாகப் பிரிக்கத் தெரிந்த காதுக்குப் பின்னால் எழுத்தைப் பழக்குவது எளிது.

ஐந்தாம் நாள் கைவேலை. களிமண்ணை உருட்டிப் புழு, விரலில் மை தொட்டு வைத்த புள்ளிகளால் புழு, காய்ந்த இலையைக் கிழித்து ஒட்டிச் செடி. மூன்றரை வயது விரல்களுக்குப் பென்சிலை அழுத்திப் பிடிக்கும் வலு இன்னும் வரவில்லை. உருட்டுவதும் கிள்ளுவதும் கிழிப்பதும்தான் அந்த வலுவைத் தருகின்றன. "எப்ப எழுதுவா?" என்று கேட்ட அம்மாவுக்கு இதுவே பாதிப் பதில்.

கேள்வி கேட்கும் விதம்

1988இல் அமெரிக்க உளவியலாளர் ஒயிட்ஹர்ஸ்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பிரிவினருக்கு, படப்புத்தகம் வாசிக்கும்போது திறந்த கேள்விகள் கேட்கவும், குழந்தை சொன்னதை நீட்டிச் சொல்லவும் பழக்கினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல வாசித்தார்கள். ஒரு மாதத்தில் முதல் பிரிவுக் குழந்தைகள் நீளமான தொடர்களில் பேசத் தொடங்கினார்கள்.

நம் வகுப்பில் இதை எப்படிச் செய்வது? "இது என்ன நிறம்?" என்று கேட்டால் "பச்சை" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். "ஏன் இது ஒளிஞ்சிருக்கு?" என்று கேளுங்கள். "காக்கா வரும்" என்று குழந்தை சொன்னால், "ஆமா, காக்கா கொத்திடும்னு பயந்து இலைக்குள்ள ஒளிஞ்சிருக்கு" என்று நீட்டிச் சொல்லுங்கள். பிறகு அதையே சொல்ல விடுங்கள். கேட்டுவிட்டு ஐந்து விநாடி பொறுங்கள். நமக்கு அந்த ஐந்து விநாடிதான் கடினம்.

இன்னொன்று, நம் மொழிக்கே உரியது. புத்தகம் எழுத்துத் தமிழில் இருக்கிறது. குழந்தை பேச்சுத் தமிழில் வாழ்கிறது. "இலையைத் தின்கிறது" என்று அச்சில் இருந்தால் அப்படியே வாசியுங்கள். குழந்தை "எலய திங்கிது" என்று சொன்னால் திருத்த வேண்டாம். அடுத்த முறை வாசிக்கும்போது அச்சில் உள்ளதை மறுபடி கேட்கும். பலமுறை கேட்ட பின் குழந்தைக்கு இரண்டும் கைவரும். வீட்டு மொழியைத் தவறு என்று சொன்னால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். மூடிய வாயை அப்புறம் திறக்க வைப்பது பெரும்பாடு.

புத்தகத்திலிருந்து செடிக்கு

இரண்டாம் வாரம் செடிக்குப் போனோம். ஒரே ஒரு விதி: பார்க்கலாம், பறிக்கக் கூடாது. முருங்கை மரத்தில் கூட்டமாக இருக்கும் மயிர்ப்புழுவைத் தொட்டால் அரிக்கும் என்பதையும் முன்பே சொல்லிவைத்தோம். இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தபோது, பள்ளியில் சேர்ந்த நாள் முதல் வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், அது எச்சம் இல்ல. அதுதான் புழு" என்றாள். குனிந்து பார்த்தேன். புழுவேதான்.

அன்றிலிருந்து சத்துணவுச் சமையலரம்மா அந்தக் கிளையில் மட்டும் கறிவேப்பிலை பறிப்பதில்லை. "உங்க பசங்க சண்டைக்கு வர்றாங்க டீச்சர்" என்றார். அந்தச் சிறுமியின் அம்மாதான் தொடக்கத்தில் நான் சொன்ன கேள்வியைக் கேட்டவர். "அவ என்ன சொல்றான்னு ஒருநாள் முழுசாக் கேளுங்கம்மா" என்றேன். முட்டையில் தொடங்கிப் பட்டாம்பூச்சி வரை வரிசை மாறாமல் மகள் சொல்லக் கேட்டிருக்கிறார். அதன் பிறகு அவர் ஏபிசிடி பற்றிக் கேட்கவில்லை. அடுத்த புத்தகம் என்ன என்று கேட்டார்.

உயர் வகுப்பு ஆசிரியர்களுக்கு

என்னைப் போல மேல் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அவனிடம் முதல் வகுப்புப் பாடத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் கூனிக்குறுகிப் போவான். அவனை எல்.கே.ஜி.க்குக் கதை வாசிப்பவனாக அனுப்பினோம். சின்னப் பிள்ளைகள் "அண்ணா, இன்னொரு தடவை!" என்று கேட்பார்கள் என்பதால் முதல்நாளே பலமுறை வாசித்துப் பழகிக்கொண்டு போனான். எளிய புத்தகம் அவனுக்கு இழுக்காக இல்லாமல் பொறுப்பாக மாறிவிட்டது. இப்போது தன் வகுப்புப் புத்தகத்தையும் தயங்கித் தயங்கியாவது தானே கை தூக்கி வாசிக்கிறான். இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் நடக்கத் தொடங்கிவிட்டான். வாசிப்பு இயக்கத்தின் 'நுழை', 'நட' நூல்களும் இப்படி அண்ணன், அக்காள் வாசித்துக் காட்ட நன்றாகப் பொருந்துகின்றன.

கிழிந்தால் என்ன செய்வது?

இதுதான் நம் உண்மையான பயம். இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் கிழிந்தால் யார் பதில் சொல்வது? அதனால் பீரோவில் பூட்டி வைக்கிறோம். எங்கள் வகுப்பில் ஓர் அட்டைப் பெட்டிக்குப் 'புத்தக ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்தோம். உள்ளே செல்லோ டேப், பசை, மழுங்கிய கத்தரிக்கோல். கிழிந்த புத்தகத்தைக் குழந்தையே அங்கே 'சேர்க்க' வேண்டும். வெள்ளிக்கிழமை வைத்தியம். புத்தகம் கிழிவதும் குறைந்தது. கிழிந்ததை மறைப்பதும் நின்றது. புதுக்கருக்கோடு பீரோவில் இருக்கும் புத்தகத்தை விட ஒட்டுப் போட்ட புத்தகம்தான் தன் வேலையைச் செய்திருக்கிறது.

புத்தகம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2015இல் தொடங்கப்பட்ட ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளவும் உரிமை தந்திருக்கிறார்கள். அதுவும் முடியாவிட்டால் காலண்டர் தாள் இருக்கவே இருக்கிறது. உங்கள் ஊரில் கறிவேப்பிலைக்குப் பதில் நாரத்தை இருக்கலாம். கடலோரமாக இருந்தால் நண்டு வளையும், மலையாக இருந்தால் பலாவும் அணிலும் இருக்கலாம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளை பள்ளிக்குப் போனதும் பீரோவைத் திறந்து ஒரு படப்புத்தகத்தை வெளியே எடுங்கள். ஐந்து நாள் அதே புத்தகம் போதும். தினம் இருபது நிமிடம். வெள்ளிக்கிழமை அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் அதை 'வாசிப்பதை'க் கேளுங்கள். படத்தைப் பார்த்துச் சொந்தச் சொற்களில் சொல்வார்கள். எழுத்து கொஞ்சம் பின்னால் வரும், வந்துசேரும்.