வாயு என்று நினைத்த வலி

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில், களியக்காவிளை எல்லையை ஒட்டிய ஊர்களில், துக்க வீட்டுக்குப் போனால் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். "ராத்திரி நெஞ்சு கனமா இருக்குண்ணு சொன்னாரு. வாயுண்ணு நெனச்சு சுக்கு வெந்நி குடுத்தோம். விடியறதுக்குள்ள போயிட்டாரு."

அந்த ராத்திரியில் நெஞ்சுக்குள் நடந்தது என்ன என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகள் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். அவற்றில் 'அடைப்பு' என்றால், குழாயில் பாசி பிடிப்பதுபோல உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும் அழுக்கு என்றுதான் பலர் நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை. படிவு வளர்வது தமனிச் சுவருக்குள்ளே. பீடி, சிகரெட், ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றால் தமனியின் உள்தோல் பழுதாகும்போது, எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு அதன் அடியில் புகுந்து தங்கிவிடுகிறது. அதை அகற்ற வரும் வெள்ளையணுக்கள் கொழுப்பைத் தின்று, வீங்கி, அங்கேயே மடிகின்றன. அந்தக் கொழகொழப்பின் மேல் உடம்பு ஒரு நார்மூடியைப் போட்டு வைக்கிறது. பத்து வருஷம், இருபது வருஷம் ஒரு வலியும் தெரியாது. கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரின் இதயங்களை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள் 1953-ல் எழுதினார்கள்: சராசரி வயது 22, ஆனால் முக்கால்வாசிப் பேருக்குத் தமனி நோயின் அடையாளம் இருந்தது.

ஆபத்து அந்த மூடி கிழியும்போது வருகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, நிமிஷங்களில் தமனியை முழுசாக அடைத்துவிடும். அதற்கு முந்தைய நாள் வரை பாதிகூட அடைபடாத இடத்திலும் இப்படி நடக்கலாம். போன மாசம் டிரெட்மில் டெஸ்டில் குறை தெரியாதவருக்கு இந்த மாசம் மாரடைப்பு வருவது இதனால்தான்.

இது நகரத்து நோய் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வு ஒன்று 1993-ல் வெளியானது. உறுதியான கரோனரி நோய் உள்ளவர்கள் நூற்றுக்கு 1.4 பேர் என்றது. 2016-ல் வெளியான கேரள ஆய்வில் அது 3.5. நகரம், கிராமம் என்ற வித்தியாசமும் இல்லை. மரச்சீனியும் மீனும் தின்று வயலில் பாடுபட்ட தலைமுறைக்குப் பிறகு, பைக்கில் போய் ராத்திரி புரோட்டா தின்னும் தலைமுறை வந்திருக்கிறது. தேங்காயெண்ணெய் நம் ஊர்ச் சொத்துதான். ஆனாலும் அது எல்.டி.எல்லைக் கூட்டும். அளவாகவே ஊற்றுங்கள்.

முப்பது வயது தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் ஸ்டாட்டின் மாத்திரை தந்தால் பாதியில் நிறுத்தாதீர்கள். அது கெட்ட கொழுப்பைக் குறைப்பதோடு, அந்த நார்மூடியையும் உறுதிப்படுத்துகிறது. புகைப்பதை விடுவதற்கு ஈடான மருந்து எதுவும் இல்லை.

வலி வந்துவிட்டால் நேரம்தான் முக்கியம். 2007 முதல் 2009 வரை கேரளத்தின் 125 மருத்துவமனைகளில் 25,748 இதய நோயாளிகளின் விவரங்களைத் திரட்டினார்கள். வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதித்து வந்தவர்களுக்கு இறப்பு ஆபத்து கூடுதலாக இருந்தது. உறைவைக் கரைக்கும் ஊசியோ, ஸ்டென்ட்டோ, சீக்கிரம் கிடைத்தால்தான் தசை பிழைக்கும்.

ஆகவே நெஞ்சு கனம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாமல் குளிர்ந்து கொட்டும் வியர்வை இருந்தால் சுக்கு வெந்நீரோடு காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டுமே வரலாம். நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள பக்கத்து மருத்துவமனைக்கு உடனே போங்கள். முதல் இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாவிட்டாலும், மருத்துவர் இருக்கச் சொன்னால் இருங்கள். ஆம்புலன்ஸுக்குக் கேரளத்திலும் 108, எல்லை தாண்டிக் குமரி மாவட்டத்திலும் 108.