பலகோணமும் பலவின்பாலும்

(ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனை எழுப்பி, ‘பலகோணம் என்றால் என்ன?’ என்று வினவுங்கள். ‘மூன்றோ அதற்கு மேற்பட்டோ உள்ள கோட்டுத்துண்டுகளால் அடைபட்ட மூடிய உருவம்’ என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்து வரையச் சொல்லுங்கள். பக்கமெல்லாம் ஒரே அளவாக, அடிக்கோடு படுக்கையாக, அழகான ஓர் அறுகோணம் வரைவான். அடுத்து ஒரு முக்கோணத்தைக் காட்டி, ‘இது பலகோணமா?’ என்றால் விழிப்பான். உட்புறம் மடங்கிய அம்புமுனை உருவைக் காட்டினாலோ, ‘இல்லவே இல்லை’ என்பான். நெட்டுருச் செய்த வரையறை நாவில் நிற்கிறது. கண்ணுக்கு அது வந்து சேரவில்லை.

இது தமிழ் மாணவனுக்கு மட்டும் உரிய குறையன்று. ஒல்லாந்து நாட்டுப் பள்ளியாசிரியர்களான பியர் வான் ஈலேயும் அவர் துணைவியார் தீனாவும் 1957-இல் ஊத்ரெக்டுப் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடுகளில் இத்தகைய இடர்ப்பாட்டையே ஆராய்ந்தனர். குழந்தை முதலில் உருவத்தை முழுமையாகவே காண்கிறது, தெரிந்த ஒருவர் முகத்தைக் காண்பது போல. பக்கம் எத்தனை, கோணம் எத்தனை என்று உறுப்புகளைப் பிரித்துக் காண்பது அடுத்த படி. ஓர் உருவத்தை மற்றொன்றன் வகையாகக் கொள்வதும், வரையறையின் தேவையை உணர்வதும் அதற்கும் பிந்திய படி. முதற்படியில் நிற்பவனிடம் மூன்றாம் படியின் சொற்றொடரைக் கொடுத்தால் விழுங்குவான், செரிக்க மாட்டான். சதுரத்தைச் சற்றே சாய்த்து வரைந்தவுடன் ‘இது சதுரமன்று’ என்னும் சிறுவன் அந்த முதற்படியில் இருக்கிறான்.

எனவே பாடத்தை வரையறையில் தொடங்கலாகாது. கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் பலகோணங்களையும் மறுபுறம் பலகோணம் அல்லாதவற்றையும் பெயர் கூறாமல் வரைய வேண்டும். அல்லாதவற்றின் பக்கம் மூன்று கட்டாயம் வேண்டும்: பிறைபோல் வளைகோடு உடையது ஒன்று, முனைகள் சேராமல் வாய்திறந்து நிற்பது ஒன்று, தன்னைத்தானே குறுக்கே வெட்டிச் செல்வது ஒன்று. மறுபுறத்தில் நீண்டு மெலிந்த முக்கோணமும், சாய்ந்த சதுரமும், அந்த அம்புமுனையும், விண்மீன் உருவின் புறக்கோடும் இருக்கட்டும். பிறகு புதிதாக ஒன்றை வரைந்து, ‘இஃது எந்தப் பக்கம்?’ என்று கேட்டுவிட்டு ஆசிரியர் வாய்மூடி நிற்க வேண்டும். (வாய்மூடி நிற்பது ஆசிரியர்க்கு அரிய கலை!) மாணவர் தமக்குள் வழக்காடுவர். நேர்கோடாதல், மூடியிருத்தல், குறுக்கே வெட்டாமை ஆகிய மூன்றையும் அவர்களே சொல்லிவிடுவர்.

பெயரைக் கொடுக்க வேண்டிய நேரம் அதுவே. கோணு, கோணல் என்பன சிற்றூர்ச் சிறுவனும் அறிந்த சொற்கள். ‘கோணல்மாணல்’ என்று சொல்லாத வீடு உண்டா? நேரே செல்லும் கோடு திரும்பும் இடம் கோண்; அங்கே அமைவது கோணம். பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1961-இல் வெளிவந்த திரவிடச் சொற்பிறப்பு அகரமுதலியும் இச்சொல்லை அக்குடும்பத்திலேயே வைத்துள்ளது.

இனி, முக்கோணம் எவ்வாறு ‘பல’கோணம் ஆகும்? மூன்று பலவா? இவ்வினாவிற்குத் தமிழிலக்கணமே விடை வைத்திருக்கிறது. அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என இரண்டே பால்கள். வடமொழியில் உள்ள இருமை தமிழில் இல்லை. ஒன்றைக் கடந்தால் எல்லாம் பலவே. அவ்வாறாயின் இரண்டு பக்கங்கள் உடைய பலகோணம் ஏன் இல்லை என்று கூர்த்த மாணவன் கேட்பான். கேட்காவிடின் கேட்கத் தூண்ட வேண்டும். இரண்டு தென்னை ஈர்க்குகளைக் கொடுத்து, வளைக்காமல் ஓர் இடத்தை அடைத்துக் காட்டச் சொன்னால் போதும். அடைக்க இயலாது. மூன்றாவது ஈர்க்கு வந்ததும் வேலி மூடிக்கொள்ளும். வரையறையில் ‘மூன்று’ என்னும் எண் ஏன் வந்தது என்பது இனி அவனுக்கு மறக்காது.

முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எழுகோணம், எண்கோணம் என ஏணிபோல் ஏறும் பெயர்களில் எண்ணத் தெரிந்தவனுக்கு நெட்டுரு வேலை இல்லை. ஆங்கிலச் சிறுவனுக்கு இந்த வாய்ப்பு இல்லை. ‘பென்டகன்’ என்பதில் ஐந்து இருப்பது கிரேக்கம் அறிந்தவனுக்கே விளங்கும். ஆயினும் இந்த ஏணியிலும் உடைந்த படிகள் உள. நான்காம் படியில் ‘நாற்கரம்’ என வடசொல்லாகிய கரம் வந்து நிற்கிறது. ஏனையவை கோணத்தால் பெயர் பெற, இது மட்டும் பக்கத்தால் பெயர் பெறுகிறது. ஈழத்துப் பாடநூல்கள் ‘நாற்பக்கல்’ என்றன. சொல் தமிழாயிற்று, முறை மாறவில்லை. ஒன்பதுக்கும் பத்துக்கும் ‘நவகோணம்’, ‘தசகோணம்’ என எழுதுவாரும் உளர். எட்டுவரை தானே ஏறிய மாணவன் அங்கே வழுக்கி விழுகிறான். ஒன்பதுகோணம், பதின்கோணம் என்றால் யாருக்கு இழப்பு? தேர்வுக்கு வேண்டிய சொல்லையும் மறைக்க வேண்டா. ‘நாற்கரம் என்பது நாற்கோணமே’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மாணவன் படியைத் தானே ஒட்டிக்கொள்வான்.

பெயருக்குப் பின் அளவு. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் தாளில் கிழித்து அருகருகே வைத்தால் ஒரு நேர்கோடு அமையும். கூட்டுத்தொகை 180 பாகை. ஐங்கோணம் ஒன்றை வெட்டி, ஒரு முனையிலிருந்து மூலைவிட்டங்கள் வரையச் சொன்னால் மூன்று முக்கோணங்கள் கிடைக்கும். ஆகவே 540 பாகை. அறுகோணத்தில் நான்கு, 720 பாகை. பக்க எண்ணில் இரண்டைக் கழித்தல் என்னும் வாய்பாடு இப்போது அவர்கள் கையில் பிறக்கும். அம்புமுனையையும் விட்டுவிடலாகாது. உள்மடங்கிய முனையிலிருந்து வெட்டினால் அதுவும் இரண்டு முக்கோணங்களாகி 360 பாகையே தரும். அம்முனையின் உட்கோணம் 180 பாகையை விஞ்சிய பின்வளைகோணம் என்பதையும் அங்கேயே காட்டிவிடலாம்.

அளவு ஒத்த பக்கங்களும் கோணங்களும் உடைய ஒழுங்குப் பலகோணங்களை இதற்குப் பின்னரே கொணர வேண்டும். முன்னரே கொணர்ந்தால் அவை மட்டுமே பலகோணம் என்னும் எண்ணம் ஊன்றிவிடும். அட்டையில் வெட்டிய ஒழுங்கு அறுகோணங்களைக் கொடுத்துத் தரை பாவச் சொல்லுங்கள். ஒரு முனையில் மூன்று 120 பாகைகள் கூடி 360 பாகை நிறையும்; தேனடையின் கண்ணறைகளை அவர்களே நினைவுகூர்வர். பிறகு ஒழுங்கு ஐங்கோணங்களைக் கொடுங்கள். ஒவ்வொரு கோணமும் 108 பாகை. மூன்றைச் சேர்த்தபின் ஒரு சிறு பிளவு எஞ்சும். நான்காவதை அதில் நுழைக்க முயலும் மாணவனைத் தடுக்க வேண்டா. அந்தப் பிளவு 36 பாகை என்பதை அவன் கோணமானியை எடுக்காமலே கணக்கிட்டுச் சொல்லட்டும்.