நாழிகை வட்டிலும் கடிகாரமும்

(திருக்குடமுழுக்கு விழாவின் முன்னாள் மாலையில் ஆற்றிய சொற்பொழிவு)



நாளைக் காலை நன்முகூர்த்தத்தில் திருக்குடமுழுக்கு நிகழவிருக்கின்றது. அந்நேரத்தை எதனைக் கொண்டு அறிவோம்? கைக்கடிகாரத்தைக் கொண்டன்றோ? அது காட்டுவது எவ்வூர் நேரம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம். அடியில் நுண்துளையிட்ட செப்பு வட்டிலை நீரில் மிதக்கவிடுவர். அது நிரம்பி அமிழ்ந்தால் ஒரு நாழிகை. பாசறையில் நீர்க்கன்னல் கொண்டு அரசனுக்குப் பொழுதுரைப்போரை முல்லைப்பாட்டிலும் காண்கின்றோம். நாழிகையை எண்ணுவதோ அவ்வவ்வூர்க் கதிரவன் எழுச்சியிலிருந்து. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆதலின், கோயம்புத்தூரில் உச்சிப்பொழுது சென்னையினும் ஏறத்தாழ 13 நிமிடம் பிந்தும்.

மாட்டுவண்டியிற் சென்ற காலத்தில் இவ்வேறுபாட்டால் இடரில்லை. புகைவண்டி வந்தபின் ஊருக்கொரு நேரம் ஒவ்வாதாயிற்று. 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாராய்ச்சி நிலையத்தின் நேரம் கிரீன்விச்சு நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டமையின் புகைவண்டிகள் அதனையே மேற்கொண்டன. 1906 சனவரி முதல் நாள் தொட்டு, 82½ பாகைத் தீர்க்கரேகையைப் பற்றிய ஐந்தரை மணிக் கணக்கு நாட்டின் பொது நேரமாயிற்று. அப்போது சென்னைக் கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பெற்றன. பம்பாய் நகரமோ தன் நேரத்தை 1955 வரை விட்டிலது! 1967 முதல், சீசியம் அணுவின் 919 கோடியே 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகளே ஒரு நொடி என வகுத்துள்ளனர்.

அடியேன் மடத்தில் பயின்ற இளமையில், ஒரு திருக்கோயில் விழாவில் வெளியூர்ப் பஞ்சாங்க நேரத்தை அப்படியே கொண்டமையால் இலக்கினம் தவறிற்றென்று அன்பர் இருவர் மாறுபட்டனர். ஒருவர் திருப்பணிக்குப் பொருள் வழங்கியவர். "என் பணி பழுதாயிற்றே" என்று கண்ணீர் உகுத்தார். எம் ஆசிரியர் அவரைத் தேற்றி, "கடிகாரம் பலர் ஒருங்கு கூடுதற்குச் செய்துகொண்ட உடன்பாடு, கதிரவன் இவ்வூருக்கு இட்ட அளவு வேறு. உடன்பாட்டின்படி வந்து கூடுங்கள். ஊரளவின்படி பூசனை புரியுங்கள். அன்பு பழுதாவதில்லை, கணக்கை இனித் திருத்திக் கொள்வோம்" என்றார்.

அன்பர்களே, நாளைய முகூர்த்தம் இவ்வூர் உதயத்திற்கே கணிக்கப்பெற்றது. வெளியூர்ப் பஞ்சாங்கத்தோடு சில நிமிடம் மாறுபடின் ஐயுறவேண்டா. முன்னரே வந்து திருமுன் கூடியிருங்கள்.

திருச்சிற்றம்பலம்.